மெட்ரோ வந்தாயிற்று, வாக்வா பஸ்களை இனி எப்படித் திட்டமிடுவது?

காவெர்ன்_வட்டம் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். மொரீஷியஸில் நம் வாக்வா-ஃபீனிக்ஸ் நகரத்தின் அடுத்த 15 ஆண்டு பஸ் சேவை பற்றி நகரசபைக்கு எங்கள் வட்டாரக் குழு ஒரு குறிப்பு எழுதித் தர வேண்டியிருக்கிறது. "பஸ் போதவில்லை, இன்னும் விடுங்கள்" என்று மட்டும் எழுதினால் அது கோப்பில் தூங்கிவிடும். கணக்கோடு எழுத வேண்டும் என்று நினைக்கிறோம்.

பின்னணி உங்களுக்குத் தெரிந்ததுதான். மெட்ரோ 2019இல் போர்ட் லூயிக்கும் ரோஸ் ஹில்லுக்கும் நடுவே தொடங்கி, காத்ர் போர்ன், ஃபீனிக்ஸ் வழியாக 2022இல் கியூர்பிப் வரை நீண்டது. 2023இல் எபென்-ரெடுயி கிளையும் வந்தது. தண்டவாளத்தின் அருகே குடியிருப்பவர்களுக்கு நல்ல வசதி. ஆனால் கிளென் பார்க், ஹென்றியெட்டா, லா மாரி, சொல்ஃபெரினோ பக்கம் இருப்பவர்களுக்கு மெட்ரோ நிலையம் நடந்து போகிற தூரத்தில் இல்லை. அவர்களுக்கு பஸ்தான் மெட்ரோவின் வாசல். அந்த பஸ் எப்போது வரும் என்று தெரியாததால் பலர் கார் வாங்குகிறார்கள், அல்லது டாக்ஸி திரேனில், அதாவது பலர் பகிர்ந்து போகும் டாக்ஸியில், நெருக்கி உட்கார்ந்து போகிறார்கள்.

எங்களுக்குத் தெரிய வேண்டியவை: முதலில் எதைக் கணக்கெடுக்க வேண்டும்? ஒரு வழித்தடத்துக்கு எத்தனை பஸ் என்று எப்படிச் சொல்வது? பெரிய பஸ்ஸா, சின்ன பஸ்ஸா? மின்சார பஸ் கேட்கலாமா? எந்த அலுவலகத்தில் எதைக் கேட்க வேண்டும்? உதாரணத்துக்கு 6.5 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரே ஒரு இணைப்புத் தடத்தை எடுத்துக்கொண்டு விளக்கினால், மற்றவற்றை நாங்களே போட்டுக்கொள்வோம்.

நடைக்கணக்கு எழுதியது:

வணக்கம். பஸ் எண்ணிக்கையிலிருந்து தொடங்காதீர்கள். தடத்தில் எந்த இடத்தில் பஸ் மிக அதிகமாக நிரம்பியிருக்கிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள். இணைப்புத் தடங்களில் அது பெரும்பாலும் மெட்ரோ நிலையத்துக்கு முந்தைய இரண்டு மூன்று நிறுத்தங்களில்தான் இருக்கும். அங்கே இரண்டு பேரை நிறுத்தி, செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் காலை 6 முதல் 9 வரை, மாலை 2 முதல் 6.30 வரை எண்ணச் சொல்லுங்கள். பள்ளி விடுமுறையில் எடுத்த கணக்கு எதற்கும் உதவாது.

ஒவ்வொரு பஸ்ஸுக்கும் ஒரு வரி போதும்: வந்த நேரம், தடம், கூட்டத்தின் அளவு, இறங்கியவர், ஏறியவர், ஏற முடியாமல் நின்றுபோனவர். கூட்டத்தின் அளவைத் தலை தலையாக எண்ண முடியாது. "இருக்கை காலி, இருக்கை நிறைந்தது, சிலர் நிற்கிறார்கள், நெரிசல்" என்று நான்கு நிலை வைத்தால் போதும். அந்த ஆறாவது கட்டத்தை, அதாவது ஏற முடியாமல் நின்றுபோனவர்களை, யாரும் எழுதுவதே இல்லை. டிக்கெட் கணக்கிலும் அவர்கள் வர மாட்டார்கள். உங்கள் குறிப்பில் மிக வலுவான எண் அதுதான்.

இப்போது கணக்கு. உங்கள் 6.5 கி.மீ. தடத்தில் நெரிசல் மணி நேரத்தில், அதிகக் கூட்டம் உள்ள இடத்தை ஒரே திசையில் 210 பேர் கடக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 12 மீட்டர் பஸ்ஸில் உட்கார 40, நிற்க 20, ஆக 60 பேர் என்று திட்டமிடலாம். அதற்கு மேல் ஏற்ற இடம் இருக்கும். ஆனால் அப்படி ஏற்றினால் ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஏறி இறங்கும் நேரம் கூடி, நடையே தாமதமாகும். 210ஐ 60ஆல் வகுத்தால் 3.5. அதாவது மணிக்கு 4 பஸ், 15 நிமிட இடைவெளி.

அடுத்தது சுற்று நேரம். போக 22 நிமிடம், வர 22, இரு முனையிலும் 5 நிமிடம் வீதம் நின்று கிளம்பினால் 54. இடைவெளி 15 என்பதால் அதை 60 ஆக்க வேண்டும், ஏனென்றால் சுற்று நேரம் இடைவெளியின் மடங்காக இருந்தால்தான் அட்டவணை தினமும் ஒரே மாதிரி திரும்பும். 60ஐ 15ஆல் வகுத்தால் 4 பஸ். பழுது, பராமரிப்புக்கு ஒன்று சேர்த்தால் 5.

நிறைய பேர் தவறுவது அந்த 22 நிமிடத்தில்தான். சராசரி ஓட்ட நேரத்தை அட்டவணையில் போட்டால் ஏறக்குறைய பாதி நடைகள் தாமதமாகும் என்பது கணக்கிலேயே இருக்கிறது. 20 நடைகளின் நேரத்தை எடுத்து ஏறுவரிசையில் எழுதுங்கள். 17ஆவது எண்ணை எடுங்கள். 100க்கு 85 நடை அதற்குள் முடியும். மழை நாளில் எடுத்த நடைகளும் அந்த 20இல் சேர வேண்டும். நம் மேட்டுநிலத்தில் மழை விதிவிலக்கு அல்லவே.

நாள் முழுவதற்கும்: காலை 6 முதல் இரவு 8 வரை 14 மணி நேரம். நெரிசல் 6 மணி நேரத்துக்கு 15 நிமிடம், மீதி 8 மணி நேரத்துக்கு 30 நிமிடம். நெரிசலில் 4 பஸ் 6 மணி நேரம், 24 பஸ்-மணி. மற்ற நேரம் 2 பஸ் 8 மணி நேரம், 16. மொத்தம் 40 பஸ்-மணி. நடையும் போக வர 40 சுற்று, 13 கி.மீ. வீதம் 520 கி.மீ. ஓட்டுநர் சம்பளம் பஸ்-மணியோடு போகும், எரிபொருளும் டயரும் கிலோமீட்டரோடு போகும். இந்த இரண்டு எண்ணையும் தனித்தனியாகக் காட்டினால் பஸ் நடத்தும் எந்த நிறுவனத்தோடும் நீங்கள் உட்கார்ந்து பேசலாம்.

தெருவோரம் எழுதியது:

நடைக்கணக்கு ஐயாவின் முறை சரி. ஆனால் 15 நிமிடம் என்ற முடிவில் எனக்கு உடன்பாடு இல்லை. இது மெட்ரோவுக்கு ஆள் கொண்டுவரும் பஸ். மெட்ரோ 10 நிமிடத்துக்கு ஒன்று என்று ஓடினால், 15 நிமிட பஸ் அரை மணிக்கு ஒரு முறைதான் அதோடு ஒழுங்காகப் பொருந்தும். மற்ற பஸ்ஸுக்கு ஒவ்வொரு முறையும் காத்திருப்பு மாறிக்கொண்டே இருக்கும். பஸ் இடைவெளி மெட்ரோ இடைவெளியின் மடங்காக இருக்க வேண்டும்: 10, 20, 30. மெட்ரோ 8 நிமிடத்துக்கு மாறினால் பஸ்ஸும் 8, 16, 24 என்று மாற வேண்டும். ஆகவே மெட்ரோ அட்டவணை மாறும் ஒவ்வொரு தடவையும் பஸ் அட்டவணையும் அதே தேதியில் மாறும் என்று எழுத்தில் கேளுங்கள்.

காலையும் மாலையும் ஒன்றல்ல என்பதையும் கவனியுங்கள். காலையில் பஸ்ஸிலிருந்து மெட்ரோவுக்கு மாறுபவர் அதிகபட்சம் 10 நிமிடம் நிற்பார், கூரையும் இருக்கும். மாலையில் மெட்ரோவிலிருந்து இறங்கி பஸ்ஸைத் தவறவிட்டவர் இருட்டில் அரை மணி நேரம் நிற்கிறார். கார் வாங்கும் முடிவு அந்த மாலையில்தான் எடுக்கப்படுகிறது. எனவே மாலை நேர பஸ் கிளம்புவதை மெட்ரோ வருகையோடு கட்டுங்கள். நடைமேடையிலிருந்து பஸ் நிற்கும் இடம் 120 மீட்டர் என்றால், சாதாரணமாக நடப்பவருக்கு 100 விநாடி, முதியவருக்கு 150 விநாடி. கூட்டத்தில் வெளியே வரும் நேரத்தையும் சேர்த்து மெட்ரோ வந்து 4 நிமிடத்தில் பஸ் கிளம்பட்டும். மெட்ரோ தாமதமானால் பஸ் 3 நிமிடம் வரை காத்திருக்கலாம், அதற்கு மேல் கூடாது. அதற்கு மேல் காத்தால் வழியில் நிற்பவர்கள் தண்டனை அனுபவிப்பார்கள். கடைசி பஸ் மட்டும் விதிவிலக்கு. அது கடைசி மெட்ரோ வராமல் கிளம்பவே கூடாது.

10 நிமிடத்துக்கு ஒன்று என்றால் 12 மீட்டர் பஸ் தேவையில்லை. 9 மீட்டர் பஸ்ஸில் உட்கார 28, நிற்க 10 என்று வைத்தால் 38. மணிக்கு 6 பஸ்ஸில் 228 பேர். உங்கள் 210 அதில் அடங்கும். உட்பகுதித் தெருக்களில் திரும்பவும் 9 மீட்டர்தான் சௌகரியம். 12 மீட்டர் பஸ் முழுதாக வளைய வெளிப்புற ஆரம் ஏறக்குறைய 12.5 மீட்டர் வேண்டும், பழைய கரும்புத் தோட்டப் பாதைகளிலிருந்து வந்த சந்திகளில் அது கிடைக்காது.

நிறுத்தங்களைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. 6.5 கிலோமீட்டரில் 250 மீட்டருக்கு ஒன்று என்றால் 26 நிறுத்தம். 400 மீட்டராக்கினால் 16. குறையும் 10 நிறுத்தத்துக்கு ஒவ்வொன்றுக்கும் வேகம் குறைத்து, நின்று, மறுபடி வேகமெடுக்க 20 விநாடி என்றால் ஒரு நடைக்கு 200 விநாடி, போக வர ஏறக்குறைய ஏழு நிமிடம் மிச்சம். நடைக்கணக்கு போட்ட 44 நிமிட ஓட்டம் 37 ஆகும், நிற்கும் நேரம் 10 சேர்த்து 47. 10 நிமிட இடைவெளிக்குச் சுற்று 50. அப்படியென்றால் 6 பஸ்ஸுக்குப் பதிலாக 5 போதும். சிமெண்டும் பெயின்டும் ஒரு பஸ்ஸை மிச்சப்படுத்துகின்றன.

ஆனால் எந்த நிறுத்தத்தை எடுப்பது என்பதில் அவசரம் வேண்டாம். கோவில், மருந்தகம், ஆரம்பப் பள்ளி, முதியோர் அதிகம் உள்ள தெரு, செங்குத்தான ஏற்றத்தின் அடிவாரம் ஆகிய இடங்களில் எடுக்காதீர்கள். சமதளத்தில் 400 மீட்டர் நடப்பவர் ஏற்றத்தில் 200 மீட்டரிலேயே மூச்சு வாங்குவார். ஒரே சந்தியின் இரு பக்கமும் நிறுத்தம் இருந்தால் அங்கே சந்திக்கு அப்பால் இருப்பதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். சிக்னலுக்கு முன்னால் நின்றால் ஆள் ஏறி முடிப்பதற்குள் பச்சை போய்விடும்.

கூரையைப் பற்றி ஒரு வார்த்தை. வாக்வாவில் மழை செங்குத்தாக விழுவதில்லை. ஒரு மீட்டர் அகலக் கூரை சாரலுக்கு ஒன்றும் செய்யாது. கூரை குறைந்தது 1.8 மீட்டர் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். காற்று வரும் பக்கம் ஒளி ஊடுருவும் தடுப்பு வேண்டும், இல்லையென்றால் உள்ளே நிற்பவருக்கு பஸ் வருவது தெரியாது. கூரை நீர் சாலை விளிம்பில் விழாமல் பின்பக்கம் போக வேண்டும். சாலை விளிம்பு 16 முதல் 18 சென்டிமீட்டர் உயரத்தில் நேராக இருந்தால், தாழ்தள பஸ்ஸில் குழந்தைத் தள்ளுவண்டியும் சக்கர நாற்காலியும் எளிதாக ஏறும். நிறுத்தத்துக்கு முன் வடிகால் மூடி உடைந்து கிடந்தால், பஸ் விளிம்பை ஒட்டி வராது. அப்போது அந்த உயரமெல்லாம் வீண்.

காவெர்ன்_வட்டம்:

மிக்க நன்றி. 26லிருந்து 16 என்பதை மக்களிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் கஷ்டம். இரண்டு சந்தேகம்: 10 நிமிடத்துக்கு ஒன்று என்பதற்கு ஆகும் செலவை நடைக்கணக்கு ஏற்பாரா? இதையெல்லாம் எந்த அலுவலகத்துக்கு எழுதுவது? நகரசபை மட்டும் முடிவெடுக்க முடியாது என்று தெரியும்.

லா_கார் எழுதியது:

அலுவலகங்களைப் பற்றி நான் சொல்கிறேன். ஒரே கடிதத்தை எல்லோருக்கும் அனுப்பினால் ஒருவரும் பதில் சொல்ல மாட்டார்கள். பிரித்து எழுதுங்கள்.

தடம், நேரம், எந்த நிறுவனம் ஓட்டுவது என்பதெல்லாம் தேசியத் தரைவழிப் போக்குவரத்து ஆணையத்தின் கையில், அதாவது என்.எல்.டி.ஏ.விடம். தட உரிமம் அவர்கள் தருவது. நிறுத்தம் எங்கே, சாலைக் கோடு, சிக்னல், பஸ்ஸுக்கு முன்னுரிமை என்பவை டி.எம்.ஆர்.எஸ்.யூ. என்கிற போக்குவரத்து மேலாண்மை மற்றும் சாலைப் பாதுகாப்புப் பிரிவிடம். பெரிய சாலையின் கட்டுமானம் சாலை மேம்பாட்டு ஆணையத்தினுடையது. உட்புறத் தெருவும் அதன் நடைபாதையும் விளக்கும் நகரசபையினுடையது. ஆகவே உங்கள் 16 நிறுத்தத்தையும் ஒரு அட்டவணையில் போட்டு, ஒவ்வொன்றுக்கும் எதிரே "சாலை யாருடையது" என்று ஒரு கட்டம் சேருங்கள். நகரசபைச் சாலையில் உள்ளவற்றை முதலில் தொடங்கலாம். அது யாருக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.

நீண்டகாலத்துக்கு முக்கியமானது நிலம். நம் மெட்ரோவின் பெரும்பகுதி பழைய மிட்லண்ட் ரயில் பாதையில் ஓடுகிறது. அந்த ரயில் 1865இல் வந்தது, பயணிகள் வண்டி 1956இல் நின்றது, 1964இல் எல்லாமே மூடப்பட்டது. அரை நூற்றாண்டுக்குப் பிறகு மெட்ரோ போட முடிந்ததற்கு ஒரு காரணம், அந்தப் பாதையின் தடயம் பல இடங்களில் கட்டடமில்லாமல் மிஞ்சியிருந்தது. மிஞ்சாத இடங்களில்தான் இடிப்பும் நஷ்டஈடும் வேதனையும் வந்தன. அதே பாடம் பஸ்ஸுக்கும் பொருந்தும். 15 ஆண்டுக்குப் பின் பஸ் தனிப்பாதை வேண்டும் என்று நினைக்கும் இரண்டு சாலைகளை இப்போதே பெயர் சொல்லி எழுதுங்கள். நகரசபையின் அவுட்லைன் திட்ட வரைபடத்தில் அந்த அகலம் ஒதுக்கப்பட வேண்டும் என்று கேளுங்கள். பெரிய கடையோ அடுக்குமாடியோ கட்ட அனுமதி கேட்டு வரும்போது, முகப்பில் சில மீட்டர் பின்வாங்கச் சொல்ல நகரசபைக்கு அப்போதுதான் ஆதாரம் இருக்கும். வரைபடத்தில் இல்லாத கோட்டை யாரும் மதிக்க மாட்டார்கள்.

இன்னொன்று, பஸ் நடத்துபவர்களை எதிரிகளாக வைத்து இந்தத் திட்டம் நடக்காது. பெரிய நிறுவனங்களோடு ஒன்றிரண்டு பஸ் வைத்திருக்கும் தனி உரிமையாளர்களும் இந்தத் தொழிலில் இருக்கிறார்கள். டிக்கெட் வருமானம் முழுவதும் பஸ்காரருக்கே என்றால், கூட்டம் உள்ள நேரத்தில் எல்லோரும் முந்துவார்கள், மதியம் யாரும் ஓட மாட்டார்கள், தன் நீண்ட போர்ட் லூயி தடத்தைச் சுருக்கி மெட்ரோ வாசலில் முடிக்க எவரும் சம்மதிக்க மாட்டார்கள். அது நியாயமான பயம்தான். நீண்ட தடத்தின் வருமானம் போய், குறுகிய தடத்தின் சில ரூபாய் மட்டும் கைக்கு வரும். இதற்குப் பல நாடுகளில் நடைமுறையில் இருக்கும் வழி, ஓடிய கிலோமீட்டருக்கும் பஸ்-மணிக்கும் அரசு பணம் தருவது, டிக்கெட் வருமானம் அரசுக்குப் போவது. நேரத்துக்குக் கிளம்பாத நடைக்குக் கழிவு, ஓடாத நடைக்குப் பணமே இல்லை. நடைக்கணக்கு சொன்ன இரண்டு எண்களும் இந்த ஒப்பந்தத்துக்கு நேராகப் போகும்.

2005 முதல் மாணவர்களுக்கும் முதியோருக்கும் இலவசப் பயணம் இருக்கிறது. நல்ல திட்டம், அதைக் காப்பாற்ற வேண்டும். ஆனால் இலவசமாக ஏறுபவரும் அட்டையைத் தட்டித்தான் ஏற வேண்டும் என்று கேளுங்கள். தட்டாத பயணம் கணக்கில் வராது. பள்ளி விடும் நேரம் அலுவலகம் விடும் நேரத்துக்கு முன்னாலேயே வருவதால் மாலை நெரிசலுக்கு இரண்டு உச்சி உண்டு. டிக்கெட் விற்பனையை மட்டும் பார்த்து அட்டவணை போடுபவர் முதல் உச்சியைத் தவறவிட்டுவிடுவார்.

நடைக்கணக்கு:

தெருவோரம் சொன்ன மடங்குக் கணக்கை ஏற்கிறேன், நான் அதை விட்டுவிட்டேன். ஆனால் 14 மணி நேரமும் 10 நிமிடம் கேட்காதீர்கள், மறுத்துவிடுவார்கள். சின்ன பஸ் என்பதால் செலவு பாதியாகாது. ஓட்டுநர் ஒருவரேதான், பஸ்-மணிச் செலவில் பெரும்பங்கு அவருடைய சம்பளம். 38 பேர் பஸ்ஸுக்கும் 60 பேர் பஸ்ஸுக்கும் எரிபொருளில்தான் வித்தியாசம்.

காலை இரண்டு மணி நேரமும் மாலை இரண்டு மணி நேரமும் 10 நிமிடம், மீதி 10 மணி நேரத்துக்கு 20 நிமிடம் என்று போடுங்கள். சுற்று 60 நிமிடமாகவே இருந்தால் நெரிசலில் 6 பஸ், மற்ற நேரம் 3. 24ம் 30ம் சேர்ந்து 54 பஸ்-மணி. முதலில் சொன்ன 40ஐ விட 35 சதவீதம் கூடுதல். ஆனால் மதியம் 30 நிமிடம் என்பது 20 ஆகிறது, அதுவே பெரிய மாற்றம். கால அட்டவணை பார்க்காமல் நிறுத்தத்துக்குப் போகிற பழக்கம் 10-12 நிமிட இடைவெளியில்தான் வரும். 20 நிமிடத்தில் பார்த்துவிட்டுத்தான் போவார்கள், ஆகவே நிமிடம் மனப்பாடமாக வேண்டும்: ஒவ்வொரு மணியிலும் 05, 25, 45 என்று. 30 நிமிடத்துக்கு மேல் போனால் வேறு வழி இல்லாதவர் மட்டுமே ஏறுவார்.

நிறுத்தங்களைக் குறைத்துச் சுற்றை 50க்குக் கொண்டுவந்தால் நெரிசலில் 5 பஸ். மக்களுக்குச் சொல்ல வேண்டியது இதுதான்: உங்கள் நிறுத்தம் 150 மீட்டர் தள்ளிப் போகிறது, பதிலுக்கு பஸ் 10 நிமிடத்துக்கு ஒன்று வருகிறது. இரண்டையும் ஒரே நாளில் செய்யுங்கள். நிறுத்தத்தை முதலில் எடுத்துவிட்டு, பஸ்ஸை ஆறு மாதம் கழித்துத் தருவோம் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள், நம்பவும் கூடாது.

மதியத்தில் 50 நிமிடச் சுற்று 20 நிமிட இடைவெளியோடு பொருந்தாது. அங்கே 60 வைத்து 3 பஸ், முனையில் கூடுதலாக நிற்கட்டும். ஓட்டுநர் தேநீர் குடிக்கவும் கழிவறை போகவும் அந்த நேரம்தான். முனையில் கழிவறை இல்லாத தடத்தில் நேரம் தவறுவதை எந்த அட்டவணையாலும் தடுக்க முடியாது. அதையும் குறிப்பில் ஒரு வரியாகப் போடுங்கள்.

மின்தடம் எழுதியது:

மின்சார பஸ் கேட்கலாம், அதுவும் இந்த மாதிரித் தடத்துக்குத்தான் முதலில் கேட்க வேண்டும். காரணம் ஏற்றம். 18 டன் எடையோடு ஒரு பஸ் கடல் மட்டத்திலிருந்து 550 மீட்டர் உயரத்திலுள்ள கியூர்பிப்புக்கு ஏறினால், ஏற்றத்துக்கு மட்டும் 27 யூனிட் மின்சாரம். இறங்கும்போது ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும், ஆனால் பேட்டரி முழுதாக நிரம்பிய நிலையில் மேலிருந்து கிளம்பினால் அதைச் சேமிக்க இடம் இருக்காது, பிரேக்கில்தான் வெப்பமாகப் போகும். மேட்டுநிலத்துக்குள்ளேயே ஓடும் இணைப்பு பஸ்ஸுக்கு இந்தச் சிக்கல் பெரிதாக இல்லை.

உங்கள் தடத்தில் 54 சுற்று, 13 கி.மீ. வீதம் 702 கி.மீ. 5 பஸ்ஸுக்குப் பகிர்ந்தால் ஒரு பஸ் நாளுக்கு 140 கி.மீ. 9 மீட்டர் பஸ், குளிர்சாதனம் சேர்த்துக் கிலோமீட்டருக்கு 0.9 யூனிட் என்றால் 126 யூனிட். 180 யூனிட் பேட்டரி போதும் என்று விற்பவர் சொல்வார். போதாது. பேட்டரியை 80 சதவீதம் வரைதான் பயன்படுத்தலாம், 144. சில ஆண்டுகளில் கொள்ளளவு ஐந்தில் ஒரு பங்கு குறையும், 115. மாலை கடைசி இரண்டு நடை ஓடாது. 220 யூனிட் பேட்டரி வாங்கினால் தேய்ந்த பிறகும் 140 நிற்கும்.

இரவில் 7 மணி நேரத்தில் 5 பஸ்ஸையும் நிரப்ப, இழப்பு சேர்த்து 700 யூனிட். அதாவது தொடர்ந்து 100 கிலோவாட் இணைப்பு. டெப்போவுக்கு அந்த இணைப்பு வந்து சேரும் தேதியைக் கேட்டுக்கொண்டுதான் பஸ்ஸுக்கு ஆர்டர் கொடுக்க வேண்டும். பஸ் வந்து நின்று, மின்மாற்றிக்குக் காத்திருப்பது பல ஊர்களில் நடக்கும் தவறு. சார்ஜர் நிற்கும் தரை, சுற்றுத் தரையை விட அரை மீட்டராவது உயரமாக இருக்கட்டும்.

தெருவோரம்:

ஒன்றை எல்லோரும் மறந்துவிட்டோம், புயல். மூன்றாம் எச்சரிக்கை, மணிக்கு 120 கி.மீ. காற்று வருவதற்கு முன் ஆறு மணி நேரப் பகல் வெளிச்சமாவது கிடைக்கும்படி அறிவிக்கப்பட வேண்டும் என்பது விதி. அறிவித்தவுடன் தீவே ஒரே நேரத்தில் வீட்டுக்குக் கிளம்புகிறது. 2024 ஜனவரியில் பெலால் புயலின்போது போர்ட் லூயி தெருக்களில் வெள்ளம் ஏறியதை எல்லோரும் பார்த்தோம்.

நடைக்கணக்கின் அட்டவணையில் காலை 11 மணிக்கு 3 பஸ்தான் ஓடுகிறது. மற்ற பஸ்ஸின் ஓட்டுநர்கள், காலையும் மாலையும் பிரித்து வேலை செய்பவர்கள், அந்த நேரம் வீட்டில் இருப்பார்கள். புயல் நாளில் ஆள் கூடுவது அப்போதுதான். எனவே இரண்டாம் எச்சரிக்கை வந்த உடனேயே அவர்களை டெப்போவுக்கு அழைக்கும் விதி ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும், அந்தக் காத்திருப்புக்குச் சம்பளமும் வேண்டும். மேலே கம்பியில் மின்சாரம் எடுத்து ஓடும் மெட்ரோ காற்றில் நின்றுவிட்டால், இணைப்பு பஸ்ஸில் பாதி நேராக ரோஸ் ஹில் வரை போகும்படி மாற்று அட்டவணை ஒன்று அச்சாகியிருக்க வேண்டும். அந்தப் பஸ்கள் எங்கே திரும்பும், எங்கே ஆளை ஏற்றும் என்பதை அன்றைக்குத் தீர்மானிக்க முடியாது.

தைப்பூசக் காவடிக்கு காத்ர் போர்ன் கோர்-தெ-கார்த் மலைக் கோவிலுக்குப் போகும் கூட்டமும், மகா சிவராத்திரிக்குக் கங்கா தலாவுக்கு நடந்து போகும் யாத்திரிகர்களும் அதே போலத்தான். தேதி முன்னமே தெரிந்தவை என்பதால் சுலபம். அந்த நாட்களுக்குத் தனி அட்டவணை போட்டு, சாலையில் நடப்பவர்களுக்கு இடம் விட்டு பஸ் எந்தத் தெருவில் திருப்பி விடப்படும் என்று இரண்டு வாரம் முன்பே நிறுத்தத்தில் ஒட்டுங்கள்.

காவெர்ன்_வட்டம்:

எல்லோருக்கும் நன்றி ஐயா. பள்ளி திறந்த இரண்டாம் வாரத்தில் எண்ணத் தொடங்குகிறோம். இரண்டு இடம், மூன்று நாள், ஆறு கட்டம் உள்ள தாள். வேறு ஏதாவது விட்டுப்போயிற்றா?

நடைக்கணக்கு:

சந்தை கூடும் ஒரு நாளையும், ஒரு சனிக்கிழமையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எண்ணுபவர்களை ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள், அதற்கு மேல் கண் தவறும். இருவரின் கடிகாரத்தையும் காலையில் ஒத்துப்பாருங்கள், இல்லையென்றால் ஒரே பஸ் இரண்டு தாளிலும் வேறு வேறு பஸ்ஸாகத் தெரியும். பேனா வேண்டாம், பென்சில் கொடுங்கள். வாக்வா மழையில் மை கரைந்து ஆறாவது கட்டம்தான் முதலில் அழியும்.